பரலோகம் (கிறித்தவம்)
கடவுள் உறையும் இடம். மீட்கப்பட்டோர் அவரோடு என்றும் வாழும் நிலை. சீர்திருத்தச் சபையார் பரலோகம் என்பதைத் தமிழ்க் கத்தோலிக்கர் மோட்சம், விண்ணகம் என்பர். மனிதன் கடவுளோடு உறவாடவே படைக்கப்பட்டான். பாவத்தால் முறிந்த அந்த உறவு நிறைவடையவே பரலோகம் என்பது கோட்பாடு. வெறும் நற்செயல் கூலியாக அதைக் கருதுவது பிழை. விவிலியத்தின் வெளிப்படுத்தல் நூலின் 21ஆம் அதிகாரம், அந்த உறவு நிறைவடையும் நகரமாகப் புதிய எருசலேமை வருணிக்கிறது: நீள, அகல, உயரம் மூன்றும் 12,000 ஸ்தாதி (பண்டைய நீள அளவு), 12 வாயில்கள், ஒவ்வொன்றும் ஒரே முத்து. கோயில் இல்லை, கதிரவனும் தேவையில்லை. அந்நகரம் பூமிக்கு இறங்கி வருகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பரலோகப் பேறு எப்போது கிட்டும் என்பதிலும் விவாதம் எழுந்தது. இறந்தவர் கடவுளை முழுமையாகக் காணத் தீர்ப்பு நாள்வரை காத்திருக்க வேண்டும் என்று பிரசங்கித்துப் போப் 22ஆம் யோவான் சர்ச்சையில் சிக்கினார். அடுத்து வந்த 12ஆம் பெனடிக்ட், தூய்மையடைந்த ஆன்மாக்களுக்குக் காத்திருப்பு இல்லை என 1336இல் அறிவித்தார்.