ராயல் ஃப்ரீ நோய்

ராயல் ஃப்ரீ நோய் என்பது 1955ஆம் ஆண்டு லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் பரவிய, காரணம் அறியப்படாத நோயாகும். நாட்பட்ட சோர்வு நோயின் வரலாறு பெரும்பாலும் இதைக் கொண்டே விளக்கப்படுகிறது.

அவ்வாண்டு சூலை முதல் நவம்பர் வரை மருத்துவர், செவிலியர் உள்ளிட்ட 292 பணியாளர்கள் தசைவலி, தலைவலி, கடும் சோர்வு ஆகியவற்றால் பாதிக்கப்பட்டனர். சூலை 25இல் மூடப்பட்ட மருத்துவமனை அக்டோபரில் மீண்டும் திறக்கப்பட்டது. உள்நோயாளிகளுள் 12 பேருக்கே இந்நோய் கண்டது. 1956இல் 'லான்செட்' இதழ், தசைவலியுடன் கூடிய மூளை, தண்டுவட அழற்சி எனப் பொருள்படும் பெயரை இதற்கு முன்மொழிந்தது.

1970இல் மெக்எவிடி, பியர்டு ஆகிய மனநல மருத்துவர்கள் இதைக் கூட்டு ஹிஸ்டீரியா என்றனர். பாதிக்கப்பட்டோருள் பெண்கள் மிகுந்திருந்ததையும் சான்றாகக் காட்டினர். அவர்கள் பழைய மருத்துவக் குறிப்புகளையே ஆராய்ந்தனர். நோயாளிகளை நேரில் பரிசோதிக்கவில்லை. ஆயினும் இக்கருத்து நெடுங்காலம் செல்வாக்குப் பெற்றிருந்தது. நோயாளிகள் பலரின் துன்பம் மனம் சார்ந்ததென ஒதுக்கப்பட்டது.

அழற்சிக் கருத்து பின்னர் மீண்டும் ஆராயப்பட்டது. 2014இல் ஜப்பானில் 9 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு, மூளையில் அழற்சிக்கான அறிகுறிகளைக் கண்டது. 2021இல், இதனுடன் சேர்ந்தே பலருக்கு வரும் ஃபைப்ரோமயால்ஜியா என்னும் வலிநோய் உள்ளவர்களின் எதிர்ப்பொருள்கள் எலிகளுக்குச் செலுத்தப்பட்டன. எலிகளின் வலியுணர்வு கூடியது. இவை சிறிய ஆய்வுகளே. நோய்க்காரணம் இன்னும் உறுதிப்படவில்லை.