வாரம் ஒரு சிலிங்: றோயல் சொசைற்றியின் சந்தாக் கதை

இலண்டன் கிறெஷாம் கல்லூரியில் 1660 நவெம்பர் 28ஆம் நாள், கிறிஸ்ரோபர் றென் என்பாரின் வானியல் விரிவுரை முடிந்தபின் பன்னிரு அறிஞர் கூடிப் பேசினர். இயற்கையைப் பரிசோதனை வழியே ஆராயும் சங்கமொன்றை நிறுவுவதென அன்று முடிவாயிற்று. உடனடியாக அவர்கள் தீர்மானித்த மற்றொரு விடயம் பணம் பற்றியது. சேரும்போது பத்துச் சிலிங். அதன்பின் வாரந்தோறும் ஒரு சிலிங். கூட்டத்துக்கு வந்தாலும் வராவிடினும் கட்டியே ஆகவேண்டும்.

இரண்டாம் சார்ள்ஸ் மன்னர் 1662இல் பட்டயம் அளித்தார். செங்கோல் ஒன்றையும் வழங்கினார். நிலையான மானியம் மட்டும் அளித்தாரில்லை. பாரிசில் 1666இல் எழுந்த விஞ்ஞானக் கழகத்தாருக்குப் பதினான்காம் லூயி மன்னர் ஊதியம் வழங்கினார். இலண்டன் அறிஞரோ தம் கைப்பணத்திலேயே ஆராய்ச்சி நடத்தவேண்டியிருந்தது.

ஆகவே அங்கத்தவரைப் பெருக்குவதே வழியெனக் கொண்டனர். பிரபுக்களும் செல்வந்தரும் தாராளமாகச் சேர்க்கப்பட்டனர். பெயரைப் பதிந்தவர்களிற் பலர் சந்தாவை மறந்தனர். நிலுவை ஆண்டுதோறும் ஏறியது. (சங்கமொன்றின் பொருளாளராக இருந்து பார்த்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.) ஈற்றில் 1674இல், ஆண்டுக்கு 52 சிலிங்கை நான்கு தவணைகளிற் செலுத்துவதாக ஒவ்வொருவரும் கையொப்பமிட்டு முறி எழுதித் தரவேண்டுமென ஏற்பாடாயிற்று.

ஐசாக் நியூற்றனும் இதற்கு விலக்கல்லர். 1672இல் தெரிவான அவர், மறு ஆண்டே விலகிவிட விரும்புவதாகச் செயலாளர் ஓல்டன்பேக்கிற்கு எழுதினார். ஓல்டன்பேக் சந்தாவைத் தள்ளுபடி செய்விக்க முன்வந்தார். 1675இல் செயற்குழு அவருக்கு விலக்களித்தது. ஒரு சிலிங்கிற்காக நியூற்றனை இழக்காத அறிவு அச்சபைக்கு இருந்தமை நல்லூழே.

பரிசோதனைகளைச் செய்துகாட்டிய றொபேட் ஹூக்கின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. அவரது ஊதியத்தின் பெரும்பகுதியைச் சேர் ஜோன் கட்லர் என்னும் வணிகர் தருவதாக வாக்களித்திருந்தார். வாக்குப் பொய்த்தது. வழக்காடிய ஹூக்கிற்கு 1696இலேயே வெற்றி கிட்டியது. கட்லர் அதற்கு முன்பே இறந்துவிட்டார்.

கடன் கதையின் உச்சம் 1686ஆம் ஆண்டாகும். வில்லபி, றே ஆகியோரின் மீன்கள் பற்றிய இலத்தீன் நூலைச் சங்கம் பெருஞ்செலவில் பதிப்பித்தது. படங்கள் அழகானவை, வாங்குவார்தான் இல்லை. பண்டகசாலையில் மீன்கள் குவிந்து கிடந்தவேளையில் நியூற்றனின் ‘பிரின்சிப்பியா’ அச்சுக்கு ஆயத்தமாய் வந்தது. அச்சிடப் பணமில்லை. சங்கத்தின் எழுதுவினைஞராயிருந்த எட்மண்ட் ஹலி அச்செலவைத் தாமே ஏற்றார். நூல் 1687இல் வெளிவந்தது. அவருக்குச் சேரவேண்டிய 50 பவுண் ஊதியத்திற்கு ஈடாகச் சங்கம் கொடுத்தவை அதே மீன் நூலின் 50 பிரதிகள். ஈர்ப்பு விசையின் கொள்கை உலகுக்குக் கிடைத்தது ஒரு சம்பளக்காரரின் கைப்பணத்தால் என்பதை விஞ்ஞானப் பாடநூல்கள் சொல்வதில்லை.

நியூற்றன் 1703இல் தலைவரானதும், முன்னர் விலக்குப் பெற்ற அவரே சந்தா வசூலிப்பதிற் கண்டிப்புக் காட்டினார். 1710இல் கிறேன் கோட்டில் சங்கத்துக்குச் சொந்த இல்லம் வாங்கப்பட்டது. எனினும் அங்கத்தவரைச் சேர்த்தே வரவைத் தேடும் வழக்கம் மாறவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விஞ்ஞானிகள் தம் சபையிலேயே சிறுபான்மையினராயினர். கணிதவியலாளர் சார்ள்ஸ் பபேஜ் 1830இல் வெளியிட்ட நூலில் இதனைக் கடுமையாகச் சாடினார். விருதை விற்று வயிறு வளர்க்கும் சபைக்கு விருதின் மதிப்பே முதலில் தேய்ந்துபோகும். அந்த உண்மையை ஏற்கச் சங்கத்துக்கு மேலும் பதினேழு ஆண்டுகள் பிடித்தன.

1847இல் விதி திருத்தப்பட்டது. ஆண்டுக்கு 15 பேருக்குமேல் தெரிவு செய்வதில்லை; தகுதி விஞ்ஞானப் பணியே. சந்தா வரவு குறையும் என்பதை அறிந்தே எடுத்த துணிவான முடிவு அது. பிரபுக்கள் குறைய, ஆய்வாளர் மிகுந்தனர். 1850இல் அரசு ஆராய்ச்சிக்கென ஆண்டுக்கு 1,000 பவுண் வழங்கத் தொடங்கியது. அத்தொகையைப் பங்கிடும் பொறுப்பு, சந்தாவுக்குக் கடிதம் எழுதிக் களைத்த அதே சங்கத்திடம் ஒப்படைக்கப்பட்டது.

பதினைந்து இடங்கள் என்ற அந்த வரையறை நடைமுறையிலிருந்த 1918ஆம் ஆண்டிலேதான், கும்பகோணத்தில் வளர்ந்து, சென்னைத் துறைமுகக் கணக்குப் பகுதியில் எழுதுவினைஞராயிருந்த சீனிவாச இராமானுஜன் அச்சபைக்குத் தெரிவானார்.