மல்லர் கம்பம் போல்

விழுப்புரத்திலிருந்து அம்மா முதன்முறையாக என் பெங்களூர் வீட்டுக்கு வந்தபோது, ஹாலின் நடுவே தரையிலிருந்து கூரைவரை நின்ற குரோம் கம்பியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். பிடித்து ஆட்டிப் பார்த்தாள்.

“என்னாடி இது? துணி காயப்போடவா?”

“எக்சர்சைஸ்மா. நம்ம ஊர் மல்லர் கம்பம் மாதிரி.”

அம்மாவின் முகம் உடனே தெளிந்தது. விழுப்புரத்தில் மல்லர் கம்பம் தெரியாதவர்கள் குறைவு. “உங்க பெரியம்மா பையன் ஸ்கூல்ல ஏறுவானே, அதானே?” என்றாள். அதேதான் என்றேன். பேச்சு முடிந்தது. காபி குடித்தோம்.

நான் பழகுவது போல் டான்ஸ். தமிழில் ‘போல்’ என்பது உவம உருபு. ஒன்றைச் சொல்லவேண்டிய இடத்தில் அதைப் போன்ற இன்னொன்றைச் சொல்லித் தப்பித்துக்கொள்ள உதவும் சொல். அன்று நான் செய்தது அதைத்தான் என்று இரவு படுத்தபிறகு உறைத்தது.

2020இல் வீடே ஆபீஸாகி, முதுகு வலி நிரந்தரமான பிறகு இதை ஆரம்பித்தேன். லேப்டாப் திரையில் ஆசிரியை, நடுவில் கம்பி, கீழே மெத்தை, மூடிய ஜன்னல் திரை. முதல் மூன்று மாதம் தொடையிலும் முழங்கால் மடிப்பிலும் ஊதா நிறத்தில் ரத்தக்கட்டு. எங்கள் வகுப்பில் இருந்த எல்லோரிடமும் வீட்டில் சொல்ல ஒரு மல்லர் கம்பம் இருந்தது. ஒருத்தி ‘ஜிம்னாஸ்டிக்ஸ்’ என்று சொல்லியிருந்தாள். இன்னொருத்தி ‘சீன சர்க்கஸ் கலை’. போல் டான்ஸின் வரலாற்றைப் படிக்க ஆரம்பித்தபோது தெரிந்தது, உலகம் முழுக்க இந்தக் கலை தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வதும் ஏறக்குறைய இதையேதான்.

*

மல்லர் கம்பத்தின் வரலாறு பெருமைக்குரியது, அதில் சந்தேகமில்லை. கல்யாணிச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரனின் 12ஆம் நூற்றாண்டு நூலான மானசோல்லாசம் மல்லர்களின் பயிற்சியில் கம்பத்தைப் பற்றிப் பேசுகிறது. பிறகு நீண்ட இடைவெளி. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரண்டாம் பாஜிராவ் பேஷ்வாவின் அவையில் இருந்த பாலம்பட்ட தாதா தேவ்தர் இதற்கு மறுபிறப்பு கொடுத்தார். அனுமனே கனவில் வந்து மரத்தில் ஏறிக் காட்டினார் என்பது மராட்டியர்கள் சொல்லும் கதை. 1818இல் ஆங்கிலேயரிடம் தோற்ற பாஜிராவ் கான்பூருக்குப் பக்கத்தில் பித்தூருக்கு அனுப்பப்பட்டார். அங்கே வளர்ந்த மணிகர்ணிகா என்ற சிறுமியும் கம்பம் ஏறினாள் என்பார்கள். அவள்தான் பிற்காலத்தில் ஜான்சி ராணி. 1936 பெர்லின் ஒலிம்பிக்கை ஒட்டி அமராவதியின் ஹனுமான் வியாயாம் பிரசாரக் மண்டல் குழு ஜெர்மனிக்குப் போய் நம் விளையாட்டுகளைச் செய்து காட்டியது. 1981இல் தேசிய அளவில் போட்டிகள் தொடங்கின. 2019இல் மும்பையில் உலகப் போட்டி நடந்தது.

மன்னன், அனுமன், ராணி, ஒலிம்பிக். இதைவிடச் சிறந்த குடும்ப மரம் யாருக்குக் கிடைக்கும்? போல் ஸ்டுடியோக்கள் ‘இது பல நூற்றாண்டுப் பழமையான கலை’ என்று ஆரம்பிக்கும்போது மல்லர் கம்பத்தைத்தான் முதலில் நிறுத்துகின்றன. அடுத்து, ரப்பர் உறை போட்ட கம்பத்தில் ஏறும் சீன சர்க்கஸ் கலைஞர்கள்.

ஆனால் நான் இஞ்சினியர். இரண்டு பொருள் ஒன்றுபோல இருக்கிறது என்று யாராவது சொன்னால் அளவு கேட்பேன். நிலத்தில் ஊன்றிய மல்லர் கம்பம் தேக்கிலோ ஈட்டியிலோ செய்தது. உயரம் சுமார் இரண்டரை மீட்டர். அடியில் சுற்றளவு சுமார் 55 சென்டிமீட்டர், மேலே போகப்போக மெலிந்து ஒரு குமிழில் முடியும். அதை உள்ளங்கையால் சுற்றிப் பிடிக்க முடியாது, உடம்பால் கட்டிக்கொள்ளத்தான் முடியும். கம்பத்தில் விளக்கெண்ணெய் பூசுவார்கள். உராய்வில் தோல் வழண்டு போகாமலிருக்க அது உதவும். கூடவே பிடி வழுக்கும் என்பதால் ஏறுகிறவன் இன்னும் இறுக்கிப் பிடிக்கவேண்டும்.

என் வீட்டுக் கம்பியின் விட்டம் 45 மில்லிமீட்டர். விரல்கள் சுற்றி வந்து கட்டைவிரலைத் தொட்டுவிடும். தரைக்கும் கூரைக்கும் நடுவே திருகி அழுத்தி நிறுத்தியது, ஆணி கிடையாது. ஃபால்ஸ் சீலிங் இருந்தால் ஆகாது, கான்கிரீட் தளம் வேண்டும். இதில் எண்ணெய் பட்டால் போச்சு. உடம்பில் லோஷன் தடவியிருந்தால்கூட வகுப்பில் சேர்க்கமாட்டார்கள். கை வியர்த்தால் மக்னீசியம் கார்பனேட் பொடி. கம்பியை அடிக்கொருதரம் ஸ்பிரிட் போட்டுத் துடைக்கவேண்டும்.

இரண்டுக்கும் பொதுவான விஷயம் ஒன்று உண்டு. துணி பிடிக்காது, தோல்தான் பிடிக்கும். அக்குள், முழங்கை மடிப்பு, தொடையின் உட்புறம், இடுப்பு எல்லாம் கம்பத்தில் நேராகப் படவேண்டும். லெக்கிங்ஸ் போட்டுக்கொண்டு தலைகீழாகத் தொங்கினால் தலைதான் முதலில் தரைக்கு வரும். அதனால்தான் மல்லர் கம்பத்தில் பையன்கள் கோவணம் போன்ற சின்ன உடையோடு ஏறுகிறார்கள். அதனால்தான் நானும் சின்ன ஷார்ட்ஸில் ஏறுகிறேன். இயற்பியல் ஒன்றுதான். ஊர்த் திடலில் நூறு பேர் முன்னால் பெரியம்மா பையன் ஏறினான், கைதட்டினோம். நான் ஏறும்போது ஜன்னல் திரையை இழுத்துவிடுகிறேன். பெண்களுக்கு நெடுங்காலம் கம்பத்துக்குப் பதிலாகக் கயிற்றைத்தான் கொடுத்தார்கள் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளவேண்டும்.

*

சரி, என் ஹாலுக்கு இந்தக் கம்பி வந்து சேர்ந்த வழி எது? பித்தூர் வழியாக வரவில்லை. வட அமெரிக்காவின் ஸ்ட்ரிப் கிளப்புகள் வழியாக வந்தது.

1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் மத்தியக் கிழக்கின் இடுப்பு நடனம் அமெரிக்கர்களுக்கு அறிமுகமாகிப் பெரிய பரபரப்பானது. அதைப் பார்த்துச் செய்த நகல்கள் ‘ஹூச்சி கூச்சி’ என்ற பெயரில் ஊர் ஊராகப் போன சந்தைக் கூடாரங்களுக்குப் பரவின. கூடாரத்தின் நடுக்கம்பத்தைப் பிடித்து ஆடியதுதான் தொடக்கம் என்று ஸ்டுடியோக்களில் கதை சொல்வார்கள். 1980களில் கனடா, அமெரிக்க கிளப்புகளில் மேடைக் கம்பி சாதாரணமாகிவிட்டது. அங்கே வேலை செய்த பெண்கள் இரவு ஷிப்டில் ஒருவரைப் பார்த்து ஒருவர் கற்றார்கள். எந்தத் தொடையில் எடை போகவேண்டும், சுழலும்போது எந்தக் கை மேலே, எட்டு அங்குல ஹீல்ஸோடு எப்படி இறங்குவது என்று எல்லாமே உடம்பில் பட்டுத் தெரிந்துகொண்டதுதான். யாரும் எழுதி வைக்கவில்லை, காப்புரிமை எடுக்கவில்லை. நான் முதல் வாரத்தில் கற்ற ‘ஃபயர்மேன் ஸ்பின்’ யார் கண்டுபிடித்தது என்று கேட்டால் பெயர் கிடையாது. மென்பொருள் உலகில் இதற்கு ஓப்பன் சோர்ஸ் என்று கௌரவமான பெயர் உண்டு. அங்கேகூட யார் எந்த வரியை எழுதினார் என்ற பதிவு இருக்கும்.

வீட்டுக்குள் வந்த கதை 1990களில் ஆரம்பிக்கிறது. கனடாவைச் சேர்ந்த ஃபானியா மோண்டே கிளப்பில் ஆடியவர். அவர் கிளப்புக்கு வெளியே உள்ள பெண்களுக்கு வகுப்பு எடுத்து, பயிற்சி வீடியோவும் வெளியிட்டார். வீட்டிலிருந்தே பழகலாம் என்ற எண்ணத்தின் முன்னோடி அவர். அடுத்து ஷீலா கெல்லி என்ற நடிகை. 2000இல் வந்த ‘டான்சிங் அட் தி புளூ இகுவானா’ படத்தில் கிளப் நடனக்காரியாக நடிக்க இதைப் பயின்றார். படம் முடிந்தும் உடம்பு விடவில்லை. லாஸ் ஏஞ்சலீஸில் ‘எஸ் ஃபாக்டர்’ என்ற பெயரில் ஸ்டுடியோ தொடங்கினார், 2003இல் புத்தகம் எழுதினார், தொலைக்காட்சியில் தோன்றினார். நடுத்தர வர்க்க அம்மாக்கள் வரிசையில் நின்றார்கள். கழற்றி மாட்டக்கூடிய வீட்டுக் கம்பிகள் சந்தைக்கு வந்தன.

2006இல் பிரிட்டனில் நடந்த ஒரு சின்னச் சம்பவம் இந்த வரலாற்றையே சுருக்கிச் சொல்லிவிடுகிறது. டெஸ்கோ நிறுவனத்தின் இணையக் கடையில் ஒரு போல் டான்ஸ் பெட்டி விற்பனைக்கு இருந்தது. விரியக்கூடிய கம்பி, விளையாட்டுப் பணத்தாள், அதைச் செருகிக்கொள்ளத் தொடைப் பட்டை. அது இருந்த பிரிவு, ‘பொம்மைகளும் விளையாட்டுகளும்’. பெற்றோர்கள் கொதித்தார்கள். டெஸ்கோ அதைப் பொம்மைப் பிரிவிலிருந்து எடுத்தது. ஆனால் விற்பனையை நிறுத்தவில்லை. உடற்பயிற்சிச் சாதனம் என்று விற்றது. அதே கம்பி, அதே பெட்டி. மாறியது அலமாரியின் பெயர். அம்மாவிடம் நான் செய்ததும் அதேதானே? துணிக்கொடி அலமாரியிலிருந்து எடுத்து மல்லர் கம்ப அலமாரியில் வைத்தேன்.

அதன்பின் எல்லாம் வேகம். 2009இல் சர்வதேச போல் விளையாட்டுக் கூட்டமைப்பு அமைந்தது. 2012இல் லண்டனில் உலகப் போட்டி. 2017இல் சர்வதேச விளையாட்டுக் கூட்டமைப்புகளின் பொது அமைப்பு இதற்குப் பார்வையாளர் தகுதி கொடுத்தது. ஒலிம்பிக் கனவு பேசப்பட்டது. ‘நடனம்’ போய் ‘விளையாட்டு’ வந்தது. மதிப்பெண் புத்தகம் வந்தது, எந்த அசைவில் கால் எத்தனை டிகிரி விரியவேண்டும் என்று.

*

2015 வாக்கில் வீட்டிலும் ஸ்டுடியோவிலும் பழகும் பெண்கள் தங்கள் படங்களுக்குக் கீழே ‘நாட் எ ஸ்ட்ரிப்பர்’ என்ற அடையாளச் சொல்லைப் போட ஆரம்பித்தார்கள். நான் அவள் இல்லை. கிளப்பில் ஆடும் பெண்களிடமிருந்து பதில் வந்தது: ‘யெஸ் எ ஸ்ட்ரிப்பர்’. எங்கள் அசைவுகள் வேண்டும், எங்கள் செருப்பு வேண்டும், நாங்கள் மட்டும் வேண்டாமா என்பதே அந்தக் கேள்வியின் சாரம். அதைப் படித்தபோது என் காது சூடானது. நான் அந்தச் சொல்லை எங்கும் போட்டதில்லை. ஆனால் ‘மல்லர் கம்பம் மாதிரி’ என்றால் என்ன? அதே சொல்லின் தமிழாக்கம்.

தமிழ் வாசகருக்கு இந்த இடத்தில் இன்னொரு நடனம் நினைவுக்கு வராமல் இருக்காது. 1932இன் இறுதியில் சென்னைப் பத்திரிகைகளில் முத்துலட்சுமி ரெட்டிக்கும் ஈ.கிருஷ்ணய்யருக்கும் நடந்த விவாதம். சதிர் பரதநாட்டியமான கதை. 1935இல் அடையாறில் ருக்மிணி தேவியின் முதல் மேடை. அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர்களில் ஒருவர் மயிலாப்பூர் கௌரி அம்மாள், கபாலீசுவரர் கோயிலின் தேவதாசி மரபில் வந்தவர். ஆட்டம் மேடை ஏறியது, ஆடியவர்களின் குடும்பங்களில் பலர் இறங்கிப்போனார்கள். 1947இல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது.

இரண்டையும் சமன் செய்ய எனக்கு விருப்பமில்லை. சாதி, கோயில், பொட்டுக்கட்டுதல் என்று அந்த வரலாற்றின் வலி வேறு. கிளப் நடனம் இன்றும் உயிரோடிருக்கும் ஒரு தொழில், அதைச் செய்பவர்கள் தங்களுக்காகத் தாங்களே பேசுகிறார்கள். ஆனால் ஒரு வழிமுறை இரண்டிலும் தெரிகிறது. கலையைக் கேவலமானவர்களிடமிருந்து காப்பாற்றிவிட்டோம் என்று சொல்ல, முதலில் அவர்களைக் கேவலமானவர்கள் ஆக்கவேண்டும். பிறகு அவர்களைத் தாண்டி, தொட்டுக் கேள்வி கேட்க முடியாத தூரத்தில் ஒரு மூதாதையைப் பிடிக்கவேண்டும். நமக்கு பரத முனிவர் கிடைத்தார். போல் டான்ஸுக்கு மல்லர்கள் கிடைத்தார்கள்.

*

ஷீலா கெல்லியின் ஸ்டுடியோ பிறந்த அதே லாஸ் ஏஞ்சலீஸில், நார்த் ஹாலிவுட் பகுதியில் ‘ஸ்டார் கார்டன்’ என்ற கிளப் இருந்தது. பாதுகாப்பு இல்லை என்று முறையிட்ட பெண்கள் 2022இல் வேலையிலிருந்து வெளியே நிற்கவேண்டி வந்தது. மாதக்கணக்கில் வாசலில் மறியல் செய்தார்கள். 2023 மே மாதம் வாக்கு எண்ணப்பட்டது. 17க்கு 0. அமெரிக்க நாடக நடிகர்களின் நூற்றாண்டு கண்ட சங்கமான ஆக்டர்ஸ் ஈக்விட்டியில் அவர்கள் சேர்ந்தார்கள். அன்று அமெரிக்காவில் சங்கம் உள்ள ஒரே ஸ்ட்ரிப் கிளப் அதுதான். அங்கே பல கிளப்புகளில் ஆடுகிறவர்கள் ஊழியர் கிடையாது, ‘ஒப்பந்ததாரர்’. மேடையேற அவர்களே கிளப்புக்குக் கட்டணம் கட்டவேண்டும். டிப்ஸில் அதை மீட்டுவிட்டுத்தான் அன்றைய வருமானத்தைப் பார்க்கமுடியும்.

என் கம்பியோடு வந்த கையேட்டில் பாதுகாப்பு எச்சரிக்கைகள் பக்கம் பக்கமாக இருந்தன. ஒவ்வொருமுறை ஏறுமுன்னும் திருகாணியைச் சரிபார், கீழே மெத்தை போடு, தனியாகப் புதிய அசைவு முயலாதே. நான் விழுந்தால் விழ ஒரு மெத்தை இருக்கிறது. அந்த அசைவுகளைக் கண்டுபிடித்தவர்கள் எதன்மேல் விழுந்து கற்றார்கள் என்பது எந்தக் கையேட்டிலும் இல்லை.

போன தீபாவளிக்கு அம்மா மறுபடி வந்திருந்தாள். இரவு நான் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டிருந்தாள். சொல்லிவிட்டேன்.

“அம்மா, இது மல்லர் கம்பம் இல்ல. அமெரிக்கால கிளப்புல ஆடறவங்க இருக்காங்கல்ல, அவங்க கண்டுபிடிச்சது. அவங்க கிட்டருந்துதான் எல்லாரும் கத்துக்கிட்டாங்க.”

அம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை. இரண்டு கண்ணி கட்டினாள்.

“துணியில்லாம ஆடுவாங்களே, அவங்களா?”

“ம்.”

“திரைய இழுத்துட்டு ஆடு.”

அவ்வளவுதான் என்று நினைத்தேன். பூவைச் சுருட்டி ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு வந்து கேட்டாள்.

“அவங்களுக்குச் சம்பளமெல்லாம் ஒழுங்கா குடுப்பாங்களா?”

“பல இடத்துல சம்பளமே கிடையாதும்மா. ஆடறதுக்கு அவங்கதான் கிளப்புக்குக் காசு கட்டணும்.”

“ஆடறவளே கட்டணுமா?” அம்மா கம்பியை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தாள். “என்னாடி அநியாயமா இருக்கு.”