ஆல்கீன்களின் சேர்க்கை வினைகள்

இரு கார்பன் அணுக்களிடையே ஓர் இரட்டைப் பிணைப்பேனும் கொண்ட ஹைட்ரோகார்பன்கள் ஆல்கீன்கள். இவற்றின் வேதியியல் பெரும்பாலும் அந்தப் பிணைப்பின் வேதியியலே. அதில் ஒரு பகுதி வலுவான சிக்மா பிணைப்பு. மற்றது அதைவிட வலுக்குறைந்த பை பிணைப்பு. பை எலக்ட்ரான்கள் மூலக்கூறின் தளத்துக்கு மேலும் கீழும் பரவியிருப்பதால், எலக்ட்ரான் கவர் பொருள்கள் அவற்றை எளிதில் நெருங்குகின்றன. பை பிணைப்பு முறிந்து இரு புதிய சிக்மா பிணைப்புகள் உருவாகும்போது பொதுவாக ஆற்றல் வெளியாகிறது. ஆல்கீன்களின் தனிப் பண்பான சேர்க்கை வினைக்கு இதுவே அடிப்படை.

புரோப்பீனுடன் ஹைட்ரஜன் புரோமைடு சேரும்போது புரோமின் எந்தக் கார்பனில் அமரும்? நடுக் கார்பனில் என்பது சோதனை தரும் விடை, 2-புரோமோபுரோப்பேன் கிடைக்கிறது. ஹைட்ரஜன் மிகுந்த கார்பனுக்கே மேலும் ஹைட்ரஜன் சேரும் என்ற விதியை ரஷ்ய வேதியியலாளர் விளாதிமிர் மார்கோவ்னிகாஃப் 1870-இல் வெளியிட்டார். எலக்ட்ரானே கண்டறியப்படாத காலம் அது. காரணம் பின்னரே தெளிவானது: முதலில் புரோட்டான் சேர்ந்து கார்பன் நேரயனி உருவாகிறது. நடுக் கார்பனில் தோன்றும் ஈரிணைய நேரயனியை இருபுறமுள்ள மெத்தில் தொகுதிகளும் நிலைப்படுத்துகின்றன. ஓரக் கார்பனில் அந்த ஆதரவு குறைவு.

ஆயினும் ஹைட்ரஜன் புரோமைடு சில சமயம் எதிர்த்திசையில் சேர்ந்து வேதியியலாளர்களை நெடுநாள் குழப்பியது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் மோரிஸ் கராஷும் ஃபிராங்க் மாயோவும் 1933-இல் இதற்கு விடை தந்தனர். காற்று பட்ட ஆல்கீனில் உருவாகும் பெராக்சைடுகளே காரணம். அவை வினையைத் தனி உறுப்பு (இணையற்ற எலக்ட்ரான் கொண்ட துகள்) வழிக்குத் திருப்புகின்றன. அவ்வழியில் முதலில் சேர்வது புரோட்டான் அல்ல, புரோமின் அணு. அது ஓரக் கார்பனில் அமர்ந்து 1-புரோமோபுரோப்பேனைத் தருகிறது. ஆக, இரு வழிகளிலும் அடிப்படை ஒன்றே: அதிக நிலைப்புடைய இடைநிலைப் பொருள் உருவாகும் திசையில் வினை நகர்கிறது. மாணவர்கள் மனப்பாடம் செய்ய வேண்டியது விதியை அல்ல, இந்தக் காரணத்தைத்தான். ஹைட்ரஜன் குளோரைடும் ஹைட்ரஜன் அயோடைடும் இந்தப் பெராக்சைடு விளைவைக் காட்டுவதில்லை. அவற்றின் தனி உறுப்புத் தொடரில் ஏதேனும் ஒரு படி ஆற்றலை உட்கொள்வதால் தொடர் நின்றுவிடுகிறது.

நீர் சேர்ப்பதிலும் இரு திசைகள் உண்டு. அமில முன்னிலையில் புரோப்பீன் 2-புரோப்பனாலாகிறது. ஹெர்பர்ட் பிரவுன் வளர்த்தெடுத்த முறையில் போரேனைச் சேர்த்து, பின் ஆக்சிஜனேற்றினால் முதன்மையாக 1-புரோப்பனால் கிடைக்கும். போரான் சேர்மங்கள் பற்றிய ஆய்வுக்காக அவர் 1979-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

நிக்கல் வினையூக்கி முன்னிலையில் ஆல்கீனுடன் ஹைட்ரஜன் சேர்ந்தால் ஆல்கேன் உருவாகும். புரோமின் நீரின் செம்பழுப்பு நிறம் மறைவது ஆய்வகத்தில் இரட்டைப் பிணைப்பைக் காட்டும் எளிய சோதனை. ஓசோனோ இரட்டைப் பிணைப்பை முற்றிலும் பிளக்கிறது. கிடைக்கும் ஆல்டிஹைடு, கீட்டோன் துண்டுகளைக் கொண்டு அப்பிணைப்பு மூலக்கூறில் எங்கே இருந்தது என்று கண்டுபிடிக்கலாம்.