480 பேரின் முரசு

எங்கள் வாசிப்பு வட்டத்தில் ஒருத்தி பல் மருத்துவம் படிக்கிறாள். போன மாதம் சந்தித்தபோது தன் பாடக்குறிப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள். முரசு நோய் பற்றிய அத்தியாயம். வைத்தியமே செய்யாமல் விட்டால் இந்நோய் ஒரு மனித வாயில் எப்படி வளரும் என்பதை உலகம் எங்கிருந்து அறிந்துகொண்டது என்று அதில் ஒரு பந்தி. பதில்: இலங்கையின் தேயிலைத் தோட்டத் தொழிலாளரிடமிருந்து. "இது எங்கட ஆக்கள்தானே?" என்றாள். அவளுடைய தாத்தா ஹட்டன் பக்கத்தில் கவ்வாத்து வெட்டியவர்.

அன்றைக்குக் கதைக்க வைத்திருந்த நாவலை ஓரமாக வைத்துவிட்டோம்.

கதை டென்மார்க்கில் தொடங்குகிறது. ஹரால்ட் லோ நோர்வேக்காரர், பல் ஆராய்ச்சியாளர். முரசு வீங்குவதும் இரத்தம் கசிவதும் வயது போவதால் வருகிறதா, சத்துக் குறைவாலா, வேறெதனாலா என்று அந்தக் காலத்தில் ஆளுக்கொரு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். லோவும் கூட்டாளிகளும் ஓர்ஹூஸ் நகரில் ஆரோக்கியமான முரசுள்ள 12 பேரைப் பிடித்து, பல் விளக்குவதை நிறுத்தச் சொன்னார்கள். அநேகமானவர்கள் பல் மருத்துவ மாணவர்கள்தான். 10 முதல் 21 நாட்களுக்குள் எல்லோருக்கும் முரசு அழற்சி வந்தது. திரும்ப விளக்கத் தொடங்கியதும் ஏறக்குறைய ஒரு வாரத்தில் மாறிவிட்டது. 1965இல் வெளிவந்த கட்டுரை அது. பல்லில் படிகிற கிருமிப் படலம்தான் காரணம், அதை அகற்றினால் முரசு தேறும் என்பது அதோடு நிலைபெற்றது. இரண்டு வேளை பல் விளக்கச் சொல்லி இன்று எங்களுக்குக் கிடைக்கிற புத்திமதிக்குப் பின்னால் அந்த 12 பேரும் இருக்கிறார்கள்.

ஆனால் மூன்று வாரத்தில் முடிகிற கதை இல்லை இது. அழற்சி முரசோடு நிற்காமல் உள்ளே இறங்கினால், பல்லைப் பிடித்து வைத்திருக்கும் நாரும் எலும்பும் கரையும். பல் ஆடும், விழும். அதற்கு வருடக்கணக்கில் எடுக்கும். மாணவர்களிடம் போய் "இருபது வருடம் பல் விளக்காதே" என்று கேட்கமுடியுமா? ஆகவே ஏற்கெனவே பல் வைத்தியத்தையே காணாத ஒரு கூட்டம் தேவைப்பட்டது. 1969இல் ஒஸ்லோவில் 565 மாணவர்களையும் கல்வியாளர்களையும் கொண்டு ஒரு குழுவைத் தொடங்கினார்கள். இவர்கள் சின்ன வயதிலிருந்தே ஒழுங்கான பல் பராமரிப்புப் பெற்றவர்கள். 1970இல் இலங்கையில் இரண்டு தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளரோடு மற்றக் குழு தொடங்கியது. அதில் கடைசி வயது 14, மேல் வயது 31.

முறை எளிமையானது. மில்லிமீற்றர் கோடு போட்ட மெல்லிய கம்பியைப் பல்லுக்கும் முரசுக்கும் இடையில் விட்டு, பிடிமானம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அளப்பார்கள். இன்றும் பல் கிளினிக்கில் முரசு நோயைக் கண்டுபிடிக்கிற முதல் கருவி இந்தக் கம்பிதான். 1970, 71, 73, 77, 82, 85 என ஆறு தடவை அளந்தார்கள்.

1978இல் வெளியிட்ட கணக்குப்படி, நோர்வேக்காரர் நாற்பதை நெருங்கும்போது சராசரியாக 1.5 மில்லிமீற்றருக்குச் சற்று மேல் பிடிமானம் இழந்திருந்தார்கள். தோட்டத்து ஆட்கள் 4.5. அது எதிர்பார்த்ததுதான். யாரும் எதிர்பார்க்காத விஷயம் 1986ஆம் ஆண்டுக் கட்டுரையில் வந்தது. எல்லோர் பல்லிலும் படலமும் காரையும் தாராளமாக இருந்தன, அநேகமாக எல்லோருக்கும் முரசு அழற்சி. அப்படியென்றால் எல்லோருக்கும் பல் விழவேண்டும்தானே? விழவில்லை. நூற்றுக்கு 8 பேருக்கு நோய் வேகமாக ஓடியது: 35 வயதில் 12 பற்கள் போயின, 45இல் ஒன்றுமே மிச்சமில்லை. 81 பேருக்கு நிதானமாகப் போனது: 45 வயதில் சராசரி 7 பற்கள் இழப்பு. மிச்சம் 11 பேருக்கு அழற்சியைத் தாண்டி நோய் நகரவே இல்லை. இன்னொன்று, இவர்களிடம் சூத்தைப் பல் அநேகமாக இல்லை.

ஒரே அழுக்கு, ஒரே மலை, மூன்று விதமான விதி. கிருமி இருந்தால் மட்டும் போதாது, அதற்கு உடம்பு எப்படிப் பதில் சொல்கிறது என்பதும் சேர்ந்துதான் நோயைத் தீர்மானிக்கிறது என்ற சிந்தனை வலுப்பட இந்தக் கட்டுரை பெரிய காரணம். யாருக்கு ஆபத்து அதிகம் என்று நேரத்தோடு கண்டுபிடிக்கப் பார்க்கிற இன்றைய ஆராய்ச்சிகளுக்கும் அடி இங்கேதான். அறிவியலாகப் பார்த்தால் அருமையான வேலை. இதை நாங்கள் மனமாரச் சொல்கிறோம்.

ஆனால் ஒரு எண் எங்களை விடவில்லை. 1970இல் 480 பேர். 1985இல் 161.

ஆய்வுக் கட்டுரையில் அது ஒரு எண்ணிக்கை மட்டும். அந்தப் பதினைந்து வருடம் மலையகத்தில் எப்படிப்பட்டது என்று தெரிந்தவர்களுக்கு அப்படி வாசிக்க முடியாது. 1948இல் குடியுரிமை பறிபோனது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று ஆட்களைப் பங்கு பிரித்தது. எழுபதுகள் முழுக்க லயங்களிலிருந்து குடும்பம் குடும்பமாகத் தலைமன்னாருக்குப் போய்க் கப்பல் ஏறினார்கள். தோட்டங்கள் அரசுடைமையாகின. 1973–74இல் தோட்டங்களில் பட்டினிச் சாவு. பிறகு 77, பிறகு 83. இரண்டு அளவீடுகளுக்கு நடுவில் இவ்வளவும் நடந்தது.

அந்த 1986 கட்டுரையின் தலைப்பு அவர்களை 'இலங்கைத் தொழிலாளர்' என்கிறது. அதே 1986இல்தான் நாடற்றவர்களுக்குக் குடியுரிமை கொடுக்க ஒரு சட்டத்தைப் பாராளுமன்றம் நிறைவேற்றியது. மருத்துவச் சஞ்சிகைக்கு அவர்கள் இலங்கையர். மாநிலமில்லாத, வாக்கில்லாத எத்தனையோ ஆயிரம் பேருக்கு அரசாங்கம் அதைச் சொல்ல அவ்வளவு காலம் எடுத்தது.

'இயற்கை வரலாறு' என்ற சொல்லிலும் எங்களுக்கு ஒரு நெருடல். வைத்தியம் கிடைக்காதது இயற்கை இல்லை. ஒரு நூற்றாண்டுக்கு மேல் நாட்டுக்கு அந்நியச் செலாவணி உழைத்துக் கொடுத்த ஆட்கள் பல் வைத்தியரைக் காணாமல் இருந்தது யாரோ எடுத்த முடிவுகளின் விளைவு. ஆராய்ச்சியாளர்கள் அதை உண்டாக்கவில்லை, உண்டாகியிருந்ததைப் பயன்படுத்தினார்கள். இதே காலத்தில் சுவீடனின் கார்ல்ஸ்டாட் நகரில் அக்செல்சனும் லிண்டேயும் வேறொரு ஆய்வு நடத்தினார்கள். 375 பேருக்கு ஒழுங்கான தடுப்புப் பராமரிப்பு, ஒப்பிட 180 பேருக்கு வழமையான வைத்தியம். ஆறு வருடத்தில் ஒப்பீட்டுக் குழுவை நிறுத்திவிட்டார்கள். பராமரிப்புப் பெற்றவர்கள் 30 வருடத்தில் சராசரியாக இரண்டு பல்கூட இழக்கவில்லை. எங்கட மலையில் அளவீடு பதினைந்து வருடம் போனது.

2010இல் ஆராய்ச்சியாளர்கள் திரும்பவும் வந்தார்கள். பழைய 480 பேரில் 75 பேரைப் பரிசோதித்தார்கள். முப்பது வயதில் பிடிமான இழப்பு 1.81 மில்லிமீற்றருக்குக் குறைவாக இருந்தவருக்கு அறுபது வயதிலும் 20 பற்களாவது மிஞ்சும் வாய்ப்பு அதிகம் என்று 2017இல் எழுதினார்கள். எங்கள் வட்டத்தில் பாதிப் பேர் முப்பதைத் தொட இருக்கிறோம். அந்த வரியை வாசித்ததும் ஒவ்வொருவரும் நாக்கால் பல்லைத் தடவிப் பார்த்தது உண்மை.

தோழி அன்றிரவு அம்மாவுக்குப் போன் எடுத்துத் தாத்தாவின் பல்லைப் பற்றி விசாரித்திருக்கிறாள். எழுபதிலும் கரும்பு கடித்தவராம். அதே லயத்தில் அடுத்த காம்பராவில் இருந்த அவர் தம்பிக்கு நாற்பத்தைந்தில் ஒரு பல்லும் இல்லை. கடைசிவரை வெற்றிலையைச் சின்ன உரலில் இடித்துத்தான் போட்டார். அந்த உரல் இன்னும் வீட்டில் கிடக்கிறதாம்.