விலையற்றதன் வழி: ஓசூர் எல்லையில் மின்னணுக் கழிவின் வரலாறு

ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தின் தொழில் வரலாறு பெரும்பாலும் உற்பத்தியின் வரலாறாகவே சொல்லப்படுகிறது. 1971இல் தோன்றிய மாநில அரசின் சிப்காட் நிறுவனம் ஓசூரில் தொழிற்பேட்டை அமைத்ததும், 1984இல் உருவான டைட்டன் இவ்வூரிலேயே குவார்ட்ஸ் கைக்கடிகாரங்களைச் செய்யத் தொடங்கியதும், அண்மையில் தேன்கனிக்கோட்டைப் பக்கம் கைப்பேசி உறுப்புகளுக்காக டாடா எலெக்ட்ரானிக்ஸ் ஆலை எழுந்ததும் அதில் இடம்பெறுகின்றன. பழுதான பொருள் வீட்டைவிட்டு வெளியேறும் வழியோ அதில் இடம்பெறுவதில்லை. அவ்வழியைத் திறந்து வைத்திருந்தவர்கள், பழைய இரும்புக்கும் பித்தளைக்கும் பேரீச்சம்பழமோ பிளாஸ்டிக் குடமோ கொடுத்துத் தெருத்தெருவாய்ச் சென்ற வியாபாரிகளும், அவர்களிடம் எடைக்கு வாங்கிய காயலான் கடைக்காரர்களுமே ஆவர்.

விலையுள்ளது கைமாறும், விலையற்றது கிடந்த இடத்திலேயே தங்கும் என்பதே இவ்வணிகத்தின் விதி. இரும்பும் செம்புமே சரக்காக இருந்தவரை அவ்விதியால் பெருங்கேடு விளையவில்லை. தொலைக்காட்சிப் பெட்டிகள் பெருகியபின் நிலை மாறியது. 2006இல் தமிழக அரசு தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தின்கீழ், 2011க்குள் மாநிலமெங்கும் ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட பெட்டிகள் வழங்கப்பட்டன. எளிய குடும்பங்களுக்கு அது அளித்த நன்மையைக் குறைத்து மதிப்பிட இயலாது. ஆயினும் அவை படக்குழாய்ப் பெட்டிகள். அதாவது, எலெக்ட்ரான் கற்றை மோதுவதால் ஒளிரும் கனத்த கண்ணாடிக் குழாயைக் கொண்டவை. எக்ஸ் கதிர் கசியாதிருக்க அக்குழாயின் பின்புறக் கூம்பில் ஈயம் கலக்கப்பட்டிருக்கும். தட்டைத் திரைகள் பரவியபின் பழைய பெட்டி எடைக்கு வந்தபோது, குழாயின் கழுத்தைச் சுற்றிய செம்புக் கம்பிச் சுருளுக்கு விலை கிடைத்தது, கண்ணாடிக்குக் கிடைக்கவில்லை. ஆகவே சுருளைக் கழற்றியபின் குழாயை உடைத்துக் குப்பைமேட்டில் தள்ளுவதே முறைசாராப் பிரிப்போரின் வழக்கமாயிற்று.

மின்சுற்றுப் பலகையின் கதை வேறு. அதில் பொன்னும் செம்பும் இருப்பதால் அதற்கு விலையுண்டு. விலை தரும் சந்தையும் கர்நாடக எல்லைக்கு அப்பால், சுமார் 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூருவிலேயே இருந்தது. அந்நகரின் சிறு பட்டறைகளில் வெறுங்கையோடு அமிலத்தில் பலகைகளை அமிழ்த்திப் பொன் எடுத்தவர்கள், தம் உடல்நலத்தையே அதற்கு ஈடாகக் கொடுத்தார்கள். அரசு அனுமதி பெற்ற மறுசுழற்சிக்கு நாட்டில் முன்னோடியாக விளங்கிய இ-பரிசரா ஆலையும் அந்நகரை அடுத்த தாபஸ்பேட்டையிலேயே எழுந்தது.

சட்டம் தாமதமாக வந்தது. மின்னணுக் கழிவுக்கென இந்தியாவில் இயற்றப்பட்ட முதல் தனி விதிகள் 2012 மே 1இல் நடைமுறைக்கு வந்து, உற்பத்தியாளரின் நீட்டிக்கப்பட்ட பொறுப்பை, அதாவது விற்ற பொருளின் பயன் முடிந்தபின் அதைத் திரட்டி முறையாகக் கையாளும் கடமை தயாரித்தவருக்கே உரியது என்னும் கோட்பாட்டை நிலைநாட்டின. 2023 ஏப்ரல் 1 முதல் செயற்படும் புதிய விதிகளின்கீழ் அப்பொறுப்பு சான்றிதழ்களால் அளக்கப்படுகிறது; மறுசுழற்சியாளர் மீட்ட பொன், செம்பு, அலுமினியம், இரும்பு ஆகியவற்றைக் கொண்டே அச்சான்றிதழ்கள் உருவாகின்றன. காயலான் கடையின் பழைய விதியே இங்கு அரசு முத்திரையுடன் தொடர்கிறது என்று கொள்வது பிழையாகாது. ஈயக் கண்ணாடிக்கு இப்போதும் விலை வைக்கப்படவில்லை. இவ்விரு விதிகளுக்கும் இடையே வந்த 2016 விதிகள் இன்னொரு பாதையையும் காட்டியிருந்தன: தொழிற்பேட்டைகளில் பிரிப்புக் கூடங்களுக்கு இடம் ஒதுக்குவதும், பிரிப்புத் தொழிலாளரை அடையாளம் கண்டு பதிவுசெய்து பயிற்சி அளிப்பதும் மாநில அரசின் கடமை என அவை வகுத்தன. பேட்டைகளும் பழைய சாமான் வியாபாரிகளும் ஒருங்கே உள்ள ஓசூரில், அக்கடமையை நிறைவேற்றுவதற்கான நிலமும் ஆட்களும் ஏற்கெனவே உண்டு.