திரைக்குப் பின்னே ஒரு சாட்சியம்



வாக்களிப்பதும் ஒருவகைச் சாட்சியமே என மார்க்க அறிஞர் பலர் விளக்கியுள்ளனர். சாட்சி சொல்பவர் அச்சமற்றவராய் இருத்தல் வேண்டும். அவ்வச்சத்தை நீக்கவே இரகசிய வாக்களிப்பு முறை உருவாயிற்று. அது எளிதில் கிடைத்ததன்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டு பிரிட்டனில், வாக்காளர் தாம் ஆதரிக்கும் வேட்பாளரின் பெயரைப் பலரறியக் கூற வேண்டியிருந்தது. யார் யாருக்கு வாக்களித்தார் என்னும் பட்டியல்கூட அச்சாகி விற்பனைக்கு வந்தது. 1838-இல் சார்ட்டிஸ்டு இயக்கத்தினர் முன்வைத்த ஆறு கோரிக்கைகளுள் இரகசிய வாக்கெடுப்பும் ஒன்று; நாடாளுமன்றம் அதற்குச் செவிசாய்க்கவில்லை. விளைவு என்ன? 1868 பொதுத்தேர்தலில் நிலக்கிழாரின் விருப்பத்திற்கு மாறாக வாக்களித்த வேல்ஸ் பகுதிக் குத்தகை விவசாயிகள் பலர், தாம் உழுத நிலத்தைவிட்டே வெளியேற்றப்பட்டனர்.

இதற்கிடையில், ஆஸ்திரேலியாவில் ஒரு வழி பிறந்திருந்தது. அரசே வாக்குச்சீட்டை அச்சிட்டு வழங்கும். வாக்காளர் மறைவிடத்தில் தம் முடிவைக் குறித்துப் பெட்டியில் இடுவார். 1856-இல் விக்டோரியாவும் தெற்கு ஆஸ்திரேலியாவும் இதனைச் சட்டமாக்கின. பிரிட்டன் 1872-இல் இதனை ஏற்றது. அவ்வாண்டு ஆகஸ்டு 15 அன்று பாண்டிஃபிராக்ட் நகரில் நடந்த இடைத்தேர்தலில் முதன்முறையாக மக்கள் இரகசியமாக வாக்களித்தனர்.

ஆயினும் இந்நன்மை எல்லோருக்கும் ஒருசேரக் கிட்டவில்லை. நியூசிலாந்தில் 1870-இலேயே இரகசிய வாக்கெடுப்பு வந்தது. ஆனால் அந்நாட்டின் பூர்வகுடிகளான மாவோரி மக்களின் தொகுதிகளுக்கு அது 1938-இல்தான் வழங்கப்பட்டது. அமெரிக்காவின் தென் மாநிலங்களிலோ, கல்வி மறுக்கப்பட்ட கறுப்பின மக்கள் அச்சிட்ட சீட்டை வாசிக்க இயலாமையே அவர்களை விலக்கிவைக்கும் தடையாக்கப்பட்டது. சிலி நாட்டில் கட்சிகளே சீட்டுகளை வழங்கியதால், பண்ணை முதலாளிகள் தம் தொழிலாளரின் வாக்கைக் கண்காணிக்க முடிந்தது. 1958-இல் அரசின் பொதுச்சீட்டு வந்த பின்னரே அப்பிடி தளர்ந்தது.

நம் நாடு எழுத்தறியாதவரை ஒதுக்கவில்லை. 1951-52 பொதுத்தேர்தலில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் சின்னம் ஒட்டிய தனிப்பெட்டி மறைவிடத்தில் வைக்கப்பட்டது. படிக்கத் தெரியாதவரும் சின்னத்தைப் பார்த்து, தம் விருப்பப்படி சீட்டை இட்டனர்.

சகோதரர்களே! சட்டம் திரையைத்தான் தர முடியும். அதன் பின்னே நேர்மையோடு நிற்பது நம் பொறுப்பு. அன்று வேல்ஸ் விவசாயி தம் சாட்சியத்திற்காக நிலத்தையே இழந்தார். இன்று சில நூறு ரூபாய்க்கு அதனை விற்பவர், தமக்குக் கிடைத்த பாதுகாப்பைத் தாமே இழக்கிறார். அமானிதத்தைப் பேணும் நன்மக்களாக அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக! ஆமீன்.